படுக்கை ஓய்வும் படுக்கையிலேயே செய்யும் பயிற்சியும் – ஒரு வரலாறு

இரட்டைக் குழந்தையா? ரத்த அழுத்தம் அதிகமா? குறைமாதத்தில் வலி வந்துவிடுமோ என்ற பயமா? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தகைய கர்ப்பிணிகளுக்குக் கிடைத்த முதல் அறிவுரை, "அசையாமல் படுத்திருங்கள்" என்பதுதான். ஓய்வினால் நன்மை வராவிட்டாலும் தீமை வராது என்று எல்லோரும் நம்பினார்கள். அதை யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஓய்வே மருந்து என்ற எண்ணம் பழையது. 1870களில் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வீர் மிட்செல், நரம்புத் தளர்ச்சி உள்ள பெண்களை வாரக்கணக்கில் படுக்க வைத்தார். ஆனால் படுத்தே கிடந்தால் தசை மெலியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் மசாஜும் மின்சாரத் தூண்டலும் சேர்த்துக் கொடுத்தார்.

பயிற்சியின் கதை லண்டனில் தொடங்குகிறது. அங்குள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1912-ல் பொறுப்பேற்ற மின்னி ராண்டெல், பிரசவத்துக்குப்பின் படுக்கையில் இருந்த தாய்மார்களுக்கு அங்கேயே செய்யக்கூடிய பயிற்சிகளை வகுத்தார். 1947-ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுத்தே கிடப்பதால் ரத்தம் உறைவது, தசை தேய்வது, மனம் சோர்வது எனப் பல ஆபத்துகளைப் பட்டியலிட்டு எழுதினார். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுக்கவைக்கப்பட்டனர். அவர்களுடைய உடல்திறன் அப்போது குறைந்த அளவுக்கு, அடுத்த முப்பது ஆண்டு முதுமையில்கூடக் குறையவில்லை!

கர்ப்பிணிகள் விஷயத்தில் திருப்பம் 1985-ல் வந்தது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் இரட்டைக் கர்ப்பம் உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்து ஓய்வெடுத்தவர்களுக்கே குறைமாதப் பிரசவம் அதிகமாக இருந்தது. 1993-ல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ஜூடித் மலோனி, படுக்கையில் இருந்த கர்ப்பிணிகளின் கெண்டைக்கால் தசை பலவீனமாவதையும் எடை குறைவதையும் காட்டினார். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருப்பைவாய் நீளம் குறைந்த பெண்களில் நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு 37 சதவீதமும் மற்றவர்களுக்கு 17 சதவீதமும் குறைமாதப் பிரசவம் நடந்தது. ஓய்வுதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் ஓய்வு காப்பாற்றும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க வழக்கமாகப் படுக்கை ஓய்வு பரிந்துரைப்பதை ஆதரிப்பதில்லை.

இருந்தும், சிலர் படுத்திருக்க வேண்டிய நிலை வருகிறது. அவர்களுக்கு உதவுவது ராண்டெல் காலத்து எளிய வழிதான். பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் காலில் ரத்தம் தேங்காது. கணுக்காலைச் சுழற்றலாம், ஒவ்வொரு முழங்காலாக மடக்கி நீட்டலாம், கைகளை உயர்த்தி இறக்கலாம், ஆழ்ந்து மூச்சு விடலாம். மூச்சை அடக்கி முக்குவது கூடாது. மருத்துவர் அனுமதித்த பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும். ரத்தக்கசிவோ, நீர் ஒழுகலோ, வலியோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும்.

நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் அறிவுரையையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு இவ்வளவு காலம் ஆனதன் விலையை, படுக்கையில் கிடந்த பெண்கள் தங்கள் உடலால் கொடுத்தார்கள்.