கணக்கில் சேராத தாய்மார்கள்

சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் பெண்கள் ஒரு விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அமெரிக்க மருத்துவமனைக்குக் கை முறிந்து வருபவள் கர்ப்பிணியாக இருந்தால், 'ஓ' என்ற எழுத்தில் தொடங்கும் கர்ப்பக் குறியீட்டைத்தான் முதலில் இட வேண்டும். எலும்பு முறிவு அதற்குப் பிறகு. காயம் கர்ப்பத்தைப் பாதிக்கவில்லை என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு. அடிபட்டு வந்த கர்ப்பிணிக்கென்றே ஓ9ஏ.3 என்ற வரிசை இருக்கிறது. அடுத்துக் காயம், அதன்பின் அடித்தவர் யார் என்பது. கணவன் என்றால் ஒய்07.01.

அதே பெண் அந்த அடியிலேயே இறந்துபோனால், அவள் சாவு 'தாய் மரணம்' ஆகாது.

கர்ப்ப காலத்திலோ அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தாலோ அதற்கான சிகிச்சையாலோ நேரும் இறப்புதான் தாய் மரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. விபத்தும் தற்செயலான காரணங்களும் இதில் சேரா. வயிற்றில் பிள்ளையோடு கொல்லப்பட்டவள் இந்தத் 'தற்செயல்' பக்கம் ஒதுக்கப்படுகிறாள். எந்த வீட்டுப் பெண்ணும் ஏற்காத சொல் இது.

எதைத் தாய் மரணம் என்பது என்ற வழக்கு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பிரசவக் காய்ச்சலில் இறந்தவளின் சான்றிதழில் சில மருத்துவர்கள் 'வயிற்றுறை அழற்சி' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டார்கள். பிரசவம் என்ற சொல் விடுபட்டதும் பழியும் விட்டுப்போனது. 1893இல் ழாக் பெர்டியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியல்தான் இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் மூலம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது இறந்தவர்களுக்கான பட்டியல்தான். உயிரோடு நோயுற்றவர்கள் 1948இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் உள்ளே வந்தார்கள்.

பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பு, 42 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் நேரும் இறப்புகளுக்கு 'தாமதத் தாய் மரணம்' என்று ஓ96ஐ ஒதுக்கியது. கர்ப்பிணியின் தற்கொலையை நேரடித் தாய் மரணமாகவே கொள்ளச் சொன்னது 2012இல் வெளியான வழிகாட்டி. மனம் உடைந்து செத்தவளுக்கு இடம் கிடைத்தது. கொல்லப்பட்டவள் இன்னும் வெளியேதான்.

எண்ணுவதே பெரும்பாடாக இருந்த நாடு அமெரிக்கா. இறந்த பெண் கர்ப்பிணியா என்று கேட்கும் கட்டம் அங்கே இறப்புச் சான்றிதழில் 2003இல் வந்தது. மாநிலங்கள் அதை ஏற்க ஆண்டுக்கணக்கில் இழுத்தன. விளைவு, 2007க்குப் பின் அதிகாரபூர்வ தாய் இறப்பு விகிதத்தையே அந்த நாடு வெளியிடவில்லை. 2020இல்தான் 2018ஆம் ஆண்டுக்கான எண் வந்தது: ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 17.4. மறு ஆண்டே ஒரு மகப்பேறு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, கர்ப்பத்திலும் அதையடுத்த 42 நாட்களிலும் ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், தொற்று ஆகிய ஒவ்வொன்றையும்விட அதிகமான பெண்கள் கொலையால் இறந்ததைக் காட்டியது. அந்தப் பெண்கள் 17.4க்குள் இல்லை.

கோடிங் பாடத்தில் இன்னொரு விதியும் உண்டு. தாயின் 'ஓ' குறியீடு குழந்தையின் பதிவேட்டில் ஒருபோதும் வரக்கூடாது. குழந்தைக்கு 'பி' வரிசை தனி. அந்த வரிசையில் பி00.5 என்று ஒன்று இருக்கிறது. தாய்க்குப் பட்ட காயத்தால் பாதிக்கப்பட்ட பச்சிளம் குழந்தை என்று பொருள்.