பந்தி முடிந்தபின்

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்காக நான் சி மொழியில் எழுதிய சின்ன ஃபங்ஷன் ஒன்று, சோதனையில் ஒழுங்காக ஓடிவிட்டு, மூன்றாம் நாள் இரவு சர்வரின் மெமரியைத் தின்று தீர்த்தது. "மாலாக் போட்ட எல்லாத்துக்கும் ஃப்ரீ போட்டிருக்கேனே சார்" என்றேன். "தப்பான தேதி வந்து எரர் ஆச்சுன்னா, உன் ஃப்ரீ வரிக்கு யாருப்பா போறது?" என்றார் மூத்தவர்.

போஸ்ட்கிரஸில் பிழை நேர்ந்தால் நிரல் நடுவிலிருக்கும் வரிகளையெல்லாம் தாண்டி மேலே குதித்துவிடும். கழுவும் வேலையை ஒவ்வொருவர் நினைவுக்கும் விட்டால் இப்படித்தான் ஆகும். அன்றிரவுதான் அதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய திட்டம் அது. நினைவகத்தைச் 'சூழல்'களாகப் பிரித்து வைக்கும் யோசனை முன்பே இருந்தது. ஆனாலும் 7.0 பதிப்பு வரை, வினவல் ஓடும்போது ஒவ்வொரு வரிசைக்கும் உண்டாகும் இடைக்கால மதிப்புகள் வினவல் முடியும்வரை அப்படியே கிடந்தன. நூறு வரிசைக்குத் தெரியாது. கோடி வரிசைக்கு மூச்சு முட்டும். போதாக்குறைக்கு, மிகப்பெரிய மதிப்புகளையும் சேமிக்க உதவும் டோஸ்ட் வசதி வேறு வரவிருந்தது.

2000இல் டாம் லேன் இதைத் திருத்தி எழுதினார். சூழல்கள் மரம்போல் கிளைத்தன: தாயை அழித்தால் பிள்ளைகளும் போகும். ஒரு வரிசைக்கு மட்டும் வாழும் குறுஞ்சூழல் ஒன்று; அடுத்த வரிசை வருமுன் மொத்தமாகக் காலி. பாத்திரம் பாத்திரமாகத் தேய்க்காமல், வாழையிலையை மடித்து எறிவதுபோல. பிழையில் குதித்தாலும் இலை எங்கே கிடக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியும். 2001இல் வெளியான 7.1 இதோடு வந்தது. அந்த முன்மொழிவின் திருத்திய வடிவம் இன்றும் மூலநிரலுக்குள் ரீட்மீ கோப்பாக இருக்கிறது. எனக்கு எந்தப் பாடநூலையும்விடப் பிடித்தது அதுதான்.

நினைவகம் மட்டும் போதவில்லை. பூட்டுகள், பஃபர் பிடிகள் இவற்றையும் யாராவது விடுவிக்க வேண்டுமே! 2005இல் வந்த 8.0 அவற்றுக்கும் 'ரிசோர்ஸ் ஓனர்' என்று ஓர் உரிமையாளரை வைத்தது.

ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ப்ராசஸ் என்பதால், இணைப்பு மூடினால் கசிவும் மறைந்துவிடும். சோதனையில் நான் தப்பித்தது அதனால்தான். அலுவலகத்தில் பூல் வைத்து இணைப்புகளை நாள்கணக்கில் திறந்தே வைத்திருந்தோம்.

மறுநாள் மாலாக்கை எடுத்துவிட்டு பாலாக் போட்டேன். ஃப்ரீ வரிகள் ஐந்தையும் அழித்தேன்.