'வேண்டும்' என்னும் சொல்லும் உளநலக் கையேடுகளும்

மனச்சோர்வு, பதற்றம், ஓயாத கவலை ஆகியவற்றால் துன்புறுவோர் தாமே படித்துப் பயிற்சி செய்து பயன்பெறும் வகையில் எழுதப்பெற்ற நூல்களைத் தன்னுதவிக் கையேடுகள் என்பர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெருகிய இந்நூல்களை உளவியலார் பல கோணங்களில் ஆராய்ந்துள்ளனர். மொழியியல் நோக்கில் அவை போதிய கவனம் பெறவில்லை. இது வியப்பிற்குரியது. ஏனெனில் இக்கையேடுகளுள் முதன்மையானவை ஒரு வகையில் மொழிப்பாடங்களே. துன்புறுபவர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியத்தைத் தாளில் எழுதச் செய்து, அதிலுள்ள ஒரு துணைவினையையோ பெயர்ப் பயனிலையையோ மாற்றிப் பார்க்கச் சொல்பவை அவை. அவ்வாறு மாற்றப்பட்ட வாக்கியங்கள் ஆங்கில வாக்கியங்கள் என்பது இங்கு மறக்கத்தக்கதன்று.

நூல்வழிச் சிகிச்சை என்னும் கருத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சாமுவேல் குரோதர்ஸ் 1916இல் ஓர் இதழ்க் கட்டுரையில் கையாண்டார். ஆயின் அக்கட்டுரை பாதி நகைச்சுவையாக எழுதப்பெற்றது. கேரன் ஹார்னியின் 'தன்பகுப்பாய்வு' (1942) நோயாளி ஓரளவு தம்மைத் தாமே ஆராயக்கூடும் என்ற எண்ணத்தை உளப்பகுப்பாய்வாளர் நடுவே துணிந்து வைத்தது. அவரே 1950இல் வெளியிட்ட மற்றொரு நூலில் ஓர் இயல் முழுவதும் 'ஷுட்' என்னும் துணைவினையைப் பற்றியதாக அமைந்தது. தான் இப்படி இருந்தாக வேண்டும் என்று மனிதர் தம்மீதே சுமத்தும் ஆணைகளை அவர் ஒரு கொடுங்கோன்மையாகக் கண்டார். இலக்கணச் சொல் ஒன்று நோயின் பெயராக மாறத் தொடங்கியது ஏறக்குறைய இக்காலத்தில்தான் எனலாம்.

இதனோடு வந்து கலந்தது வேறொரு நீரோட்டம். போலந்தில் பிறந்த பொறியியலாளர் ஆல்பிரட் கோர்சிப்ஸ்கி 1933இல் வெளியிட்ட 'அறிவியலும் உளத்தெளிவும்' என்னும் பெருநூல், ஆங்கிலத்தின் 'இஸ்' என்னும் இணைப்புவினையின் மீது குற்றம் சாட்டியது. ஒரு பொருளை மற்றொன்றாகவே அடையாளப்படுத்துவதும், காண்பவரின் மதிப்பீட்டைக் காணப்படும் பொருளின் பண்பாக ஏற்றுவதும் ஆகிய இரண்டு பயன்பாடுகளையே அவர் கண்டித்தார். அவ்வினை முழுவதையும் அன்று. அவர்வழி வந்த டேவிட் போர்லண்ட் 1965இல் ஒருபடி மேலே சென்று, அவ்வினையின் எல்லா வடிவங்களையும் நீக்கிய ஆங்கிலத்தை முன்மொழிந்தார். அதற்கு இ-பிரைம் என்று பெயர்.

இவ்விரு நீரோட்டங்களும் கூடிய இடம் ஆல்பர்ட் எல்லிஸ் (1913–2007) என்னும் நியூயார்க் உளவியலாரின் எழுத்து. உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று அதைக் கைவிட்டு, 1955 முதல் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டவர் அவர். நிகழ்ச்சிகள் மனிதரைக் கலக்குவதில்லை, நிகழ்ச்சிகளைப் பற்றிய கருத்துகளே கலக்குகின்றன என்ற எபிக்டெட்டசின் பழங்கொள்கையைத் தம் முறைக்கு மூலமாக அவரே சுட்டியுள்ளார். ராபர்ட் ஹார்ப்பருடன் சேர்ந்து அவர் எழுதிய 'அறிவுசார் வாழ்க்கைக்கு ஒரு வழிகாட்டி' 1961இல் வெளிவந்தது. எல்லிஸின் கருத்துப்படி விருப்பம் நோயன்று. விருப்பம் கட்டாயமாக மாறுவதே நோய். பிறர் என்னை மதித்தால் மகிழ்வேன் என்பவர், மதிப்புக் கிடைக்காதபோது வருந்துவார், அவ்வளவே. பிறர் என்னை மதித்தே தீர வேண்டும் என்பவர் நிலைகுலைவார். கட்டாயத்தைக் குறிக்கும் 'மஸ்ட்' என்னும் சொல்லைக் கொண்டு அவர் ஒரு கேலிச்சொல்லும் ஆக்கினார். அது தமிழில் பெயர்க்கத் தக்கதன்று.

இந்நூலின் திருத்திய பதிப்பு 1975இல் வந்தபோது ஆசிரியர்கள் அதை முழுவதும் இ-பிரைமில் எழுதியிருந்தனர். 'நான் உதவாக்கரை' என்று சொல்ல வாய்ப்பே தராத நடையில் நூலை அமைத்தால் படிப்பவரும் அவ்வாறு எண்ணப் பழகுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு மக்கள்நூல் முழுவதும் ஒரு வினைச்சொல்லைத் தவிர்த்து எழுதப்பட்டது அரிய செயல்தான். ஆனால் மொழியின் வடிவத்தைத் தடுத்தால் பொருள் தடைபடும் என்ற எண்ணம் ஏற்கத்தக்கதாக இல்லை. இணைப்புவினை இல்லாமலே ஒருவரை இழிவுபடுத்த ஆங்கிலத்தில் வழிகள் பல. 1991இல் கோர்சிப்ஸ்கி நினைவுச் சொற்பொழிவை ஆற்றும் அளவுக்கு எல்லிஸ் அப்பள்ளியோடு உறவு கொண்டிருந்தார். எனினும் அவர் முறை நிலைபெற்றது இ-பிரைமினால் அன்று, கட்டாயத்திற்கும் விருப்பத்திற்கும் இடையே அவர் கிழித்த கோட்டினால்தான்.

ஆரன் பெக்கின் மாணாக்கர் மரபில் வந்த டேவிட் பர்ன்ஸ் 1980இல் வெளியிட்ட நூல் இக்கோட்டைப் பரவலாக்கியது. எண்ணப் பிறழ்வுகள் பத்தினை அவர் பெயரிட்டு வகைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று 'ஷுட்' வாக்கியங்கள். இந்நூல் ஆய்வுக்கும் உட்பட்டது. 1987இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுற்ற முதியோருள் ஒரு பகுதியினர் பர்ன்ஸின் நூலையும், மற்றொரு பகுதியினர் ஒப்பீட்டிற்காக விக்டர் பிராங்கலின் புகழ்பெற்ற நூலையும் படித்தனர். முன்னவரே கூடுதல் முன்னேற்றம் கண்டனர். உயர்ந்த நூல் என்பதும் பயிற்சி நூல் என்பதும் ஒன்றல்ல என்பதை இது காட்டும். 1995இல் ஜேமிசனும் ஸ்கோகினும் 80 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வும் நூலுக்குச் சார்பாகவே அமைந்தது. எனினும் அவ்வாய்வில் வாரந்தோறும் சிறு தொலைபேசி அழைப்பு இருந்தது என்பதை நூல் வணிகர் குறிப்பிடுவதில்லை. கார்டிஃபில் 2003இலும் இங்கிலாந்து முழுவதற்குமாக 2013இலும் மருத்துவர்கள் இத்தகைய நூல்களைப் பரிந்துரைக்க நூலகங்கள் வழங்கும் திட்டங்கள் ஏற்பட்டன. மறுபுறம், 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணும் இயல்புடைய மாணவர் சிலர் எண்ணங்களை எழுதித் திருத்தும் பயிற்சியால் பின்னடைவே அடைந்தனர்.

கையேட்டைப் படிப்பவர் தனியே இருக்கிறார். சொல் தவறாகப் புரிந்தால் திருத்த எதிரில் ஆள் இல்லை. ஆகவே இந்நூல்கள் மற்றொரு மொழிக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு கதைநூலை மொழிபெயர்ப்பவரின் பொறுப்பைவிடக் கூடியது.

தமிழுக்கு இத்துறை முற்றிலும் புதிதன்று. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை வ.உ. சிதம்பரம் பிள்ளை 'மனம் போல வாழ்வு', 'அகமே புறம்' என்று பெயர்த்தார். ஆனால் அவை ஒழுக்கத்தையும் உறுதியையும் நோக்கி எழுதப்பெற்றவை. வாக்கியத்தை எடுத்துத் திருத்தும் கையேடுகள் அல்ல. எல்லிஸின் வழியைத் தமிழில் தர முற்படுவோர் புதிய சிக்கல்களை எதிர்கொள்வர்.

இணைப்புவினையைப் பொறுத்தவரை சிக்கல் சிறியது. 'அவன் முட்டாள்' என்னும் தொடரில் நீக்குவதற்கு வினையே இல்லை. எனவே இ-பிரைம் தமிழில் பொருளற்றது. ஆயினும் கோர்சிப்ஸ்கி அஞ்சிய அடையாளப்படுத்தல் தமிழிலும் உண்டு. அது வினையாலணையும் பெயரில் குடிகொண்டுள்ளது. 'நான் தோற்றேன்' என்பது ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. 'நான் தோற்றவன்' என்பது ஓர் ஆளைக் கூறுகிறது. இரண்டிற்கும் இடையே உள்ளது ஈற்று வேறுபாடே. தமிழ்க் கையேடு கவனிக்க வேண்டிய இடம் அந்த ஈறுதான்.

'வேண்டும்' என்பதில்தான் உண்மையான இடர்ப்பாடு. எல்லிஸ் பிரித்து வைத்த இரண்டும் தமிழில் ஒரே சொல்லில் வாழ்கின்றன. 'எனக்கு அமைதி வேண்டும்' என்பது விருப்பம். 'வரி செலுத்த வேண்டும்' என்பது கடமை. 'அவர் என்னை மதிக்க வேண்டும்' என்பதோ விருப்பமா கட்டாயமா என்று சொற்களைக் கொண்டு மட்டும் கூற இயலாது. பேத்தியின் தலையில் கைவைத்து 'நீ நல்லா இருக்கணும்' என்று பாட்டி சொல்வதும் இதே சொல்லே; அது வாழ்த்து. திருக்குறளில் வேண்டுதலும் வேண்டாமையும் விருப்பு வெறுப்புகளையே குறிக்கின்றன என்பதும் நோக்கத்தக்கது. கட்டாயப் பொருள் இச்சொல்லின் முழுமையன்று. ஆதலின் 'ஷுட்' வாக்கியங்களை 'வேண்டும் வாக்கியங்கள்' என்று பெயர்த்து, அவற்றை விலக்குமாறு கூறினால், படிப்பவர் தம் விருப்பங்களையே நோயெனக் கொள்ள நேரும். ஏற்கெனவே எதிலும் நாட்டமற்றுச் சோர்ந்திருப்பவருக்கு இது சிறிய பிழையன்று. 'வேண்டும் என்று எண்ணக் கூடாது' என எழுதினால், விலக்கச் சொன்ன ஆணை வேறு வடிவில் அதே வரியில் திரும்பி வந்துவிடும்.

இதற்குத் தீர்வு தமிழிலேயே உள்ளது. உடன்பாட்டில் மறைந்திருக்கும் வேறுபாடு எதிர்மறையில் வெளிப்படுகிறது. 'வேண்டும்' என்பதற்கு எதிராக வேண்டாம், வேண்டியதில்லை, கூடாது என மூன்று வடிவங்கள் உண்டு. மூன்றும் வெவ்வேறு பொருளன. 'அவர் என்னை மதிக்க வேண்டியதில்லை. மதித்தால் மகிழ்வேன்' என்று ஒருவர் உளமாரச் சொல்ல முடியுமானால், அவர் முதலில் சொன்ன 'வேண்டும்' விருப்பமாக இருந்தது. சொல்ல நா எழவில்லையென்றால் அது கட்டாயம். கட்டாயத்தை வெளிப்படையாக்கவும் 'மதித்தே ஆக வேண்டும்', 'மதித்தே தீர வேண்டும்' என்னும் தொடர்கள் பேச்சில் உள்ளன. எனவே தமிழ்க் கையேட்டில் அமைய வேண்டிய பயிற்சி சொல்லை நீக்குவதன்று. எழுதிய 'வேண்டும்' ஒவ்வொன்றையும் 'தே தீர வேண்டும்' என்றும் 'தால் நல்லது' என்றும் இருவகையாக விரித்து எழுதி, தம் மனத்தில் இருந்தது எது என்று படிப்பவரையே குறிக்கச் செய்வதாகும்.

வேறோரிடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட எளிது. ஒருவர் தம்மைத் தாமே கலக்கிக்கொள்கிறார் என்று கூற எல்லிஸ் ஆங்கிலத்தை வலிந்து வளைத்தார். தமிழில் வருந்து, வருத்து என்னும் தன்வினை பிறவினை இணையும் 'கொள்' என்னும் துணைவினையும் அதை இயல்பாகவே தருகின்றன. 'வருத்திக்கொள்', 'அலட்டிக்கொள்' என்பன அன்றாட வழக்குகள். ஆனால் அந்த எளிமையிலேயே ஓர் இடையூறும் உள்ளது. 'மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே' என்பது துன்புறுபவர் வீட்டிலும் வெளியிலும் நூறுமுறை கேட்டுச் சலித்த வாக்கியம். கையேடு அதையே ஏவலாக அச்சிட்டால், அது சிகிச்சையாகக் கேளாது, மாமாவின் குரலாகவே கேட்கும். அவ்வினையை ஏவலில் வையாமல் வினாவில் வைத்து, 'இன்று எந்தச் சொல்லால் என்னை வருத்திக்கொண்டேன்?' என்று தன்மையில் எழுதச் செய்வது அதனினும் பொருத்தமாகத் தோன்றுகிறது.