கண் தெரியாதவருக்கு எதற்குக் கேமரா?

தலைப்பைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

எவ்கன் பவ்ச்சார் ஸ்லோவேனியாவில் 1946-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு விபத்துகள். இரண்டு கண்களும் போயின. பதினாறு வயதில் சகோதரியின் கேமராவை வாங்கி, மனதுக்குப் பிடித்த பெண்ணைப் படமெடுத்தார். பிறகு பாரிஸில் குடியேறி, 1988-ல் அந்நகரின் புகைப்பட மாத விழாவுக்கு அதிகாரபூர்வப் புகைப்படக்காரரானார். அவரிடம் விசேஷக் கருவி எதுவும் இல்லை. எதிரில் இருப்பவரின் குரலை வைத்துத் திசை, கையால் தொட்டுத் தூரம், இருட்டில் ஒரு விளக்கு. அவ்வளவுதான்.

தூரக் கணக்கை 1977-ல் கோனிகா சி35 ஏஎஃப் ஏற்றுக்கொண்டது. பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா அது. பார்வையற்றவர்களை நினைத்துச் செய்ததல்ல; பலன் அவர்களுக்கும் கிடைத்தது.

அவர்களை நினைத்தே செய்தவர் நெதர்லாந்தின் பீட்டர் மெயர். 1992-ல் அவர் வெளியிட்ட முறை, படத்தை ஒலியாக்குகிறது. இடமிருந்து வலமாகக் காட்சியை வருடும். உயரத்தில் இருப்பது கீச்சுக் குரலில், வெளிச்சமானது சத்தமாகக் கேட்கும். பழகப் பொறுமை வேண்டும்.

நாங்கள் இருக்கும் மும்பைக்கும் இதில் பங்குண்டு. பவ்ச்சாரைப் பற்றிப் படித்த பார்த்தோ பௌமிக், 2006-ல் 'பிளைண்ட் வித் கேமரா' என்ற முயற்சியை இங்கே தொடங்கினார். ஒலி, தொடுகை, வெயிலின் சூடு, கூட இருப்பவரின் வர்ணனை - இவைதான் பாடம். கண்காட்சியில் படங்களைத் தடவிப் பார்க்கவும் வழி செய்தார்கள்.

பிறகு எல்லாம் செல்போனுக்குள் வந்தது. 2009-ல் ஐபோன், திரையை வாசித்துக் காட்டத் தொடங்கியது. 2017-ல் மைக்ரோசாஃப்டின் 'சீயிங் ஏஐ', கேமரா முன் இருப்பதைச் சொன்னது. 2020-ல் நம் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி, ரூபாய் நோட்டைக் கேமராவில் பார்த்து மதிப்பைச் சொன்னது. கவுன்ட்டரில் பிறரை நம்பிப் பணம் வாங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வங்கிக்காரனுக்குத் தெரியும். 2022-ல் கூகுள் பிக்சல், போனை எந்தப் பக்கம் நகர்த்தவேண்டும் என்று சொல்லி, முகம் சரியாக அமைந்ததும் தானே படமெடுத்தது.

ஆனால் ஒன்று. முகம் நடுவில் இருக்கிறதா என்று கருவி சொல்லும். யாரை எடுப்பது, எப்போது எடுப்பது என்பதை எடுப்பவர்தான் தீர்மானிக்கவேண்டும். பவ்ச்சார் பதினாறு வயதில் செய்தது அதைத்தான்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் கண் தெரியாத சித்தப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுக்கிறோம். அவர் கையில் கேமராவைக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது கொடுத்துப் பாருங்கள். தலை வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, அது அவர் எடுத்த படம்.