உடல் நிறையும் மருந்து விலையும்

ஒரு சமுதாயம் எதை உண்கிறது, எந்த நோயால் வருந்துகிறது, அந்நோய்க்குரிய மருந்தை யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறது என்னும் மூன்றையும் அறிந்தோமாயின், அச்சமுதாயத்தின் பொருளாதார அமைப்பைப் பெரும்பாலும் அறிந்தவர்களாவோம். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் இவ்வுண்மையைத் தெருவிலேயே காணலாம். முருகன் கோயிலைச் சூழ்ந்த அச்சிறு வட்டாரத்தின் அருகே செட்டியார் தெருவின் நகைக்கடைகள் உள்ளன. துறைமுகத்தை நம்பி வாழும் உழைப்பாளர் குடியிருப்புகளும் உள்ளன. இருசாராரிடையேயும் இன்று உடல் நிறையைக் குறைக்கும் வாராந்த ஊசிமருந்து பேசுபொருளாகியுள்ளது. அதைத் தொடங்கலாமா என்னும் வினாவை ஒவ்வொருவரும் தமது சொந்த வினாவாகவே கேட்கின்றனர். ஆயின் அவ்வினாவுக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு.

நிறை குறைக்கும் மருந்தின் கதை ஆஸ்பத்திரியில் அன்றி வெடிமருந்துத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் டைநைத்ரோபீனோல் என்னும் இரசாயனப் பொருளைக் கையாண்ட தொழிலாளர் வியர்த்தனர், காய்ச்சலுற்றனர், மெலிந்தனர், சிலர் மாண்டனர். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பொருள் நிறையைக் குறைக்கும் என எடுத்துரைத்தனர். ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அதனை உட்கொண்டனர். கண்புரையும் மரணமும் தொடர்ந்தன. 1938ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தோடுதான் அவ்வியாபாரம் அங்கு அடங்கிற்று. தொழிலாளியின் சாவில் வெளிப்பட்ட நஞ்சு, வசதியுள்ளோரின் மெலிவுக்கு மருந்தாக விலைபோயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் வந்த ஃபென்ஃபுளூரமைன் இருதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997இலும், சிபுட்ரமைன் மாரடைப்பு ஆபத்தால் 2010இலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன.

இவ்வரலாற்றைக் கொண்டு இன்றைய மருந்தையும் ஒதுக்கிவிடுதல் விஞ்ஞான நோக்காகாது. செமாக்ளூடைட் என்னும் இம்மருந்து, உணவுண்டபின் குடலில் சுரக்கும் ஓமோன் ஒன்றைப் போன்று செயற்பட்டுப் பசியைத் தணிக்கிறது. இவ்வினத்தின் முதல் மருந்துக்கு அடிப்படையான பொருளை, நச்சுப் பல்லியொன்றின் உமிழ்நீரிலிருந்து 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர், நியூயோர்க்கில் முன்னாள் படைவீரருக்கான அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் பணிபுரிந்த ஜோன் எங். 2021இல் வெளியான பரிசோதனையில் 1,961 பேர் பங்குபற்றினர். 68 வாரங்களில் மருந்து பெற்றோரின் நிறை சராசரி 14.9 வீதம் குறைந்தது, பெறாதோரிடம் 2.4 வீதமே குறைந்தது. ஏற்கெனவே இருதய நோயுற்ற பருமனுடையோரிடம் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என 2023இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயின் மருந்தை நிறுத்தியோர் ஓராண்டுக்குள் இழந்த நிறையில் மூன்றில் இரு பங்கை மீளப் பெற்றனர். எனவே இதைத் தொடங்குதல் ஒரு மாதச் செலவன்று, பல்லாண்டுச் செலவு. விலையைப் பற்றிய கேள்வி இவ்விடத்திலேயே எழுகிறது.

பருமன் தனிமனிதரின் பெருந்தீனியால் மட்டும் வந்ததென்பார் வரலாறு அறியார். 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் இந்நாட்டு மக்கள் ஹர்த்தால் நடத்தினர், உயிர்களும் பலியாயின. அரிசிக்காகப் போராடிய அம்மக்களின் நகரத்துச் சந்ததியினர், இறக்குமதிக் கோதுமையின் பாணுக்கும் சீனியிட்ட தேநீருக்கும் பழகிப்போயினர். 2005-06 ஆய்வின்படி நகரங்களில் வளர்ந்தோருள் 16.4 வீதத்தினரும் கிராமங்களில் 8.7 வீதத்தினரும் நீரிழிவு உடையவர்கள். மலிவான மாப்பண்டமும் உலாவ இடமற்ற குடியிருப்பும் உள்ள இடத்தில், மனவுறுதியை மட்டும் உபதேசித்தல் நீதியன்று.

விலையின் கேள்விக்கு நம் நாடே ஒருமுறை விடை தேடிற்று. மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரியுமான சேனக பிபிலேயும், வைத்தியரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் வழியே, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. வியாபாரப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரையே வழங்குதல், தேவையானவற்றையே இறக்குமதி செய்தல், உலகெங்கும் விலை கேட்டு மொத்தமாக வாங்குதல் என்பன அதன் வழிகள். ஏறக்குறைய 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன.

எதிர்ப்பும் எழுந்தது. வாந்திபேதி பரவிய 1974இல், கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் குளிசையாக்கித் தர பைசர் கம்பனியின் உள்ளூர்த் தொழிற்சாலை மறுத்தது. அரசு அத்தொழிற்சாலையைப் பொறுப்பேற்க முனைந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டார்; முயற்சி கைவிடப்பட்டது. வெளிநாட்டுக் கோதுமையை நாடு எதிர்பார்த்திருந்த உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. உணவில் தங்கி நிற்பவர் மருந்திலும் தலைநிமிர இயலாது என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

பிபிலே 1977 செப்டெம்பரில் கயானாவில் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. 2025 செப்டெம்பரில் அப்பட்டியலில் செமாக்ளூடைட்டும் இடம்பெற்றது. இருதய அல்லது சிறுநீரக நோயும் பருமனும் சேர்ந்த நீரிழிவு நோயாளருக்காகவே அது சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் ஏறக்குறைய 969 டொலர் எனக் குறிக்கப்பட்ட ஒரு மாத மருந்தை, இலாபமும் சேர்த்து 5 டொலருக்கும் குறைவாக உற்பத்தி செய்யலாம் என 2024இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. இடைவெளி முழுவதும் விஞ்ஞானத்தின் கூலியன்று. காப்புரிமையின் வாடகையும் அதிலுண்டு. இந்தியாவில் அம்மருந்தின் மூலக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சுடன் முடிவதாக அமைந்தமை, போட்டி விலைக்கு ஒரு வாயிலாகும். அவ்வாயிலால் வருவது ஜிந்துப்பிட்டி உழைப்பாளியையும் எட்டுமா என்பது அரசின் கொள்முதலைப் பொறுத்தது.

ஆதலின் தொடங்க எண்ணுவோர் வைத்தியரிடம் வினாக்களைத் தயங்காது கேட்டல் வேண்டும். என் நோய்க்கு இது தேவையா? வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும்போது வரும் குமட்டலையும் வாந்தியையும், அரிதாக நேரும் கணைய அழற்சியையும் யார் கண்காணிப்பார்? கர்ப்பந்தரிக்க எண்ணுபவர் எப்போது நிறுத்த வேண்டும்? பணம் தீர்ந்து மருந்து நின்றால் என்ன நேரும்? 2022இன் நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் சாதாரண மருந்துகளும் கிடையாதிருந்ததைக் கண்ட நமக்கு இறுதி வினா வெறும் கற்பனையன்று.

இவ்வினாக்களை நோயாளர் தனித்து நின்று கேட்டால் விலை குறையாது. தேவை, பயன், பாதுகாப்பு, விலை என்னும் நான்கையும் ஒரு சமுதாயமே சேர்ந்து கேட்கலாம் என்பதை பிபிலே காட்டிச் சென்றார். அவ்வரலாற்றை வகுப்பறைகளுக்குக் கொண்டுசெல்லுதல் ஆசிரியர்களாகிய நமது கடமை. அரிசியின் விலையைக் கேட்கத் துணிந்த மக்கள் மருந்தின் விலையையும் கேட்பர்.