18 பெருசா, 22 பெருசா?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ நடந்த கூத்து இது. பெரியப்பா பையன் கால்நடை டாக்டர். ஒரு எருமைக்கு மடிநோய்னு ஆள் வந்து நிக்குது, பையில ஊசி தீர்ந்து போச்சு. "டேய், மெடிக்கல்ல 18 நம்பர் ஊசி அஞ்சு வாங்கிட்டு வாடா"ன்னு என்னை அனுப்பினார். கடையில 18 இல்லை, 22 இருக்குன்னாங்க. எருமைதானே, நம்பர் பெருசா இருந்தா இன்னும் நல்லதுதானேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச மூளை!

"பூனைக்குட்டிக்கா போடப் போறோம்? எருமைடா!" அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டார்.

நம்பர் ஏற ஏற ஊசி மெலியுமாம். 18 நம்பர் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மில்லிமீட்டர், 22க்கு வெறும் 0.72. எருமைத் தோலில் குத்தினா வளைஞ்சிடும். ஒடிஞ்சு உள்ளே தங்கிட்டா அது தனித் தலைவலி.

எவன்டா இப்படித் தலைகீழா நம்பர் போட்டான்னு கடுப்பாகித் தேடப்போய்த்தான் இந்தப் பதிவு.

குற்றவாளி, இங்கிலாந்தின் கம்பிப் பட்டறை. அங்கே கம்பியை ஒரு துளை வழியா இழுப்பாங்க. அப்புறம் அதைவிடச் சின்னத் துளை, அப்புறம் இன்னும் சின்னது. எத்தனை இழுப்போ அத்தனாவது நம்பர். பர்மிங்காம் அளவு, ஸ்டப்ஸ் அளவுன்னு பேர் வாங்கின இந்த முறை அப்படியே ஊசிக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. பழைய புரோகிராமில் எவனோ வச்ச பேரை மாத்தப் பயந்து அதுமேலயே கட்டிக்கிட்டுப் போறோமே, அதே கதைதான்.

இந்த ஊசி சரித்திரத்துல முக்கியமான திருப்பத்துல எல்லாம் ஏதாவது ஒரு மிருகம் நிக்குது. 1656ல் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென் (பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டினவர்) ஒரு நாயோட ரத்தக்குழாயில் இறகுக் குழாயைச் செருகி, மிருகத்தோட மூத்திரப்பையைப் பிதுக்கி, ஒயினில் கரைச்ச அபினை ஏத்தினார். நாய் பிழைச்சுக்கிச்சு. அதனால பேர் பரவி, கடைசியில அதை யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கன்னு ராபர்ட் பாயில் எழுதி வச்சிருக்கார்!

உள்ளே துளையுள்ள உலோக ஊசிக்கு 1844 வரைக்கும் காத்திருக்கணும். டப்ளின்ல பிரான்சிஸ் ரிண்ட். அது மனுஷங்களுக்கு. 1853ல் பிரான்சின் லியோன் நகரத்துல பிரவாஸ் செஞ்சது வெள்ளி சிரிஞ்ச். திருகைச் சுத்தச் சுத்தச் சொட்டுச் சொட்டா மருந்து இறங்கும். அதை அவர் சோதிச்சது மிருகங்களோட தமனியில. உலகத்தோட முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கினதும் (1761) அதே லியோன்லதான்.

அந்த பிரவாஸ் சிரிஞ்சைத்தான் 1881 மே 5ம் தேதி லூயி பாஸ்டர் ஆளுங்க பூயி-லெ-ஃபோர் கிராமத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க. 24 செம்மறி, 1 வெள்ளாடு, 6 மாடு. ஆளுக்கு 5 சொட்டு அடைப்பான் தடுப்பு மருந்து. மே 31ல் எல்லாத்துக்கும், ஊசி போடாம விட்டதுக்கும் சேர்த்து, வீரியமான கிருமியை ஏத்தினாங்க. ஜூன் 2ம் தேதி பொழுது சாயறதுக்குள்ள ஊசி போடாத செம்மறிகள் அத்தனையும் செத்துப் போச்சு.

சரி, எருமைக்கு வருவோம். மாட்டுக்கு ஏன் 16, 18? தோல் மட்டும் காரணமில்லை. குழாயோட ஆரம் பாதியானா ஓட்டம் பதினாறில் ஒண்ணாகும், பிளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச அதே பாய்சூய் விதி. 22ன் உள்துளை கிட்டத்தட்ட 18ல் பாதி. கெட்டியான மருந்தையோ எண்ணெய் கலந்த தடுப்பு மருந்தையோ அதுல அழுத்தி முடிக்கிற வரைக்கும் எருமை நின்னுக்கிட்டு இருக்குமா? பாட்டில் கால்சியத்தை ரத்தக்குழாயில ஏத்த 14 வரைக்கும் போவாங்களாம். சிரிஞ்சும் அளவா இருக்கணும். 2 மில்லி மருந்தை 20 மில்லி சிரிஞ்சில எடுத்தா கோடு பார்த்து அளக்கவே முடியாது.

ஆனா அண்ணன் அதிகம் பேசினது அளவைப் பத்தி இல்லை, ஒரே ஊசியைப் பல மாட்டுக்குக் குத்துறதைப் பத்தி. அனாபிளாஸ்மோசிஸ் மாதிரி ரத்த நோய், ஊசி முனையில ஒட்டின ரத்தத்திலேயே அடுத்த மாட்டுக்குத் தாவிடும். 1894ல் பாரிஸ் லூயர் கம்பெனியோட முழுக் கண்ணாடி சிரிஞ்ச் வந்தது. கொதிக்க வைக்கலாம். ஆனா மந்தைக்கு நடுவுல அடுப்பு மூட்டி எவன் கொதிக்க வைப்பான்? 1956ல் நியூசிலாந்தின் டிமாருவில் காலின் மர்டாக், ஒருதரம் போட்டுத் தூக்கி எறியற பிளாஸ்டிக் சிரிஞ்சை வடிவமைச்சார். அவர் மருந்தாளர், கால்நடை மருத்துவமும் பார்த்தவர், மயக்க மருந்துத் துப்பாக்கியும் அவர் உருவாக்கினதுதான். அந்தக் காலத்து சுகாதாரத்துறை அதிகாரிங்க இது ரொம்ப முன்னோக்கி இருக்கு, யாரும் ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்களாம்.

அன்னைக்கு அண்ணனே பைக்கை எடுத்துட்டுப் போய் 18 வாங்கிட்டு வந்து போட்டார். பக்கத்துத் தொழுவத்துக்காரர், "டாக்டரே, அந்த ஊசியிலேயே நம்ம மாட்டுக்கும் ஒண்ணு போட்ருங்க, எதுக்கு வேஸ்ட்டு"ன்னார். அண்ணன் பதில் சொல்லாம புது உறையைக் கிழிச்சார்.

நான் வாங்கின 22? எங்க வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஆச்சு :-)