கப்பற் கணக்கில் குழந்தை

கடல்வழிச் செல்லும் பிரிவு மகளிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் கூறுகின்றது. பொருள் தேடிக் கலமேறும் ஆடவன் மனையாளைக் கரையில் விட்டே செல்வான் என்பது அந்நூற்பாவுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. அம்மனையாளின் மடியிலிருக்கும் குழந்தையைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழுந்திராது.

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் இந்நூற்பா எனக்கு நினைவுக்கு வந்தது. ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அருகே வாழும் என் பழைய மாணவர் ஒருவர், எட்டும் பத்தும் வயதான தம் மக்கள் இருவரையும் தென்துருவக் கடலுக்கு உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தார். அவருடைய தாயார் அதற்கு உடன்படவில்லை. "சின்னப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றலாமா, நீங்களே சொல்லுங்கள் சார்" என்று என்னை நடுவராக்கினார் அம்மையார். அவரே 1956 ஆம் ஆண்டில் நான்கு வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர். எனவே அவ்வினாவைக் கிழவியின் அச்சம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் முன்னோர் குடும்பங்கள் பலவற்றில் எழுந்த வினாவன்றோ அது!

தொல்காப்பியர் கூறிய வழக்கம் இந்நகரில் நெடுங்காலம் நின்று நிலவியது எனலாம். 1931 ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியருள் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்கள் என்ற நிலை இருந்தது. 1957 ஆம் ஆண்டில் அது ஒருவருக்கு இருவர் என்னும் அளவிற்குச் சற்று மேலாகக் குறைந்தது. இவ்விரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சிராங்கூன் சாலைக் கடைகளின் மாடிகளிலும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் குழந்தைகளின் அழுகுரல் மிகுதியாகக் கேட்கத் தொடங்கிற்று. அக்குழந்தைகளுட் பலர் இங்குப் பிறந்தோர். ஏனையோர் கப்பலில் வந்தோர்.

அக்கப்பல்களுள் புகழ்பெற்றது 'ரஜுலா'. கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்று 1926 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பணிக்கு வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற அது உரிமம் பெற்றிருந்தது. பிற்காலத்தில் அவ்வெண் பெரிதும் குறைக்கப்பட்டது. தளப்பயணிக்கு அறை இல்லை. பாய் விரித்த இடமே அவனுக்கு வீடு.

ஈண்டு ஒரு சட்டத்தை நினைவுகூர்தல் வேண்டும். பயணிகளை எண்ணும் முறையை 1923 ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பற் சட்டம் வகுத்திருந்தது. பன்னிரண்டு வயது நிரம்பியவர் ஓர் ஆள். ஓராண்டு நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத குழந்தைகள் இருவர் சேர்ந்தால் ஓர் ஆள். ஓராண்டு நிரம்பாத கைக்குழந்தை கணக்கிலேயே இல்லை! கப்பலின் இடத்தை அளப்பதற்கென வகுத்த விதி இது என்பதை நான் அறிவேன். ஆயினும் ஐயாயிரம் என்னும் எண்ணைப் படிக்கும்போதெல்லாம், அதனுள் அரை ஆளாக அடங்கியவர்களையும், அதற்குப் புறம்பே தாயின் தோளில் கிடந்தவர்களையும் எண்ணிப் பாராமல் இருக்க முடிவதில்லை. கணக்கில் வராத குழந்தைக்கு ஏது தனி இடம்?

அம்மையார் அன்று தாம் வந்த கதையைக் கூறினார். நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையணைய ஆழமில்லை. அது தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று ஏற வேண்டும். அலை படகைத் தூக்கும் கணம் பார்த்து ஒருவர் குழந்தையை நீட்ட, மேலிருப்பவர் வாங்கிக்கொள்வாராம். முன்பின் அறியாத ஒருவரின் கைகளுக்குத் தாம் போய்ச் சேர்ந்தது அவருக்கு எழுபது ஆண்டுகளாகியும் மறக்கவில்லை. இரவில் அவருடைய தாயார் தம் சேலைத்தலைப்பை மகளின் கணுக்காலில் முடிந்துகொண்டு உறங்குவாராம், உறக்கத்தில் எழுந்து தளத்தின் விளிம்புக்குப் போய்விடக் கூடாதென்று. ஏறத்தாழ ஒரு வாரம் இப்படிக் கழிந்ததாம். கப்பல் வழங்காத கட்டிலையும் தடுப்பையும் ஒரு சேலை வழங்கியது.

வந்து சேர்ந்ததும் நகருக்குள் நுழைந்துவிட இயலாது. 1873 ஆம் ஆண்டில் வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனதன் பின்னர், 1874 ஆம் ஆண்டில் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. அது காலப்போக்கில் உலகின் பெரிய நோய்த்தடுப்பு நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அறைப்பயணிகள் பெரும்பாலும் நேரே நகருக்குச் செல்ல, தளப்பயணிகள் தீவில் இறக்கப்பட்டுக் காக்கவைக்கப்பட்டனர். கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்துத் தொற்றுவதில்லை என்பதை அக்கால மருத்துவர் அறியாதவரல்லர். எனினும் அந்நிலையத்தால் நகருக்குப் பெரும்பயன் விளைந்தது என்பதையும் மறுத்தல் ஆகாது.

1953 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவர் வருகையைச் சுருக்கியது. 'ரஜுலா' 1973 ஆம் ஆண்டில் இப்பணியிலிருந்து ஓய்ந்து, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஓடிய 'சிதம்பரம்' 1985 ஆம் ஆண்டில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அவ்வழியே முடிவுற்றது. விமானம் குழந்தைகளைச் சில மணி நேரத்தில் கொண்டு சேர்க்கத் தொடங்கிவிட்டது.

இனித் துருவக் கடலுக்கு வருவோம். அங்கும் குழந்தைகள் சென்ற வரலாறு உண்டு. வடதுருவ ஆய்வாளர் ராபர்ட் பியரியின் மகள் மேரி 1893 ஆம் ஆண்டில் கிரீன்லாந்தின் வடபகுதியிலேயே பிறந்தாள். 1900 ஆம் ஆண்டில் தாயார் ஜோசஃபின் அவளை அழைத்துக்கொண்டு 'விண்ட்வார்ட்' என்னும் கப்பலில் கணவரைத் தேடிச் சென்றார். பனி கப்பலைச் சிறைப்படுத்திவிட்டது. ஏழு வயதுச் சிறுமி அந்த நீண்ட இருட்குளிரைக் கப்பலிலேயே கழித்தாள். தந்தையோ வடக்கே மற்றொரு முகாமில், மனைவியும் மகளும் வந்திருப்பதை அறியாமலே இருந்தார். 1901 ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் வந்து சேர்ந்தார். பிரிந்த குடும்பம் ஒன்று சேரும்பொருட்டு மேற்கொண்ட பயணம் என்னும் வகையில் ஜோசஃபின் அம்மையாரும் நாகப்பட்டினத்துத் தாய்மாரும் ஓரினத்தவரே என்று எனக்குத் தோன்றுகிறது.

உல்லாசப் பயணிகளும் அங்குச் செல்லத் தொடங்கினர். அவர்களுக்கும் இடர் நேர்ந்துள்ளது. 1989 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'மாக்சிம் கார்க்கி' என்னும் சோவியத்துக் கப்பல் ஸ்வால்பார்ட் அருகே பனியில் மோதியது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர். அவர்களுட் சிலர் பனிப்பாளங்களின் மீதே நிற்க நேர்ந்தது. நார்வே நாட்டுக் கடலோரக் காவற்கப்பல் சில மணி நேரத்தில் வந்தமையால் அனைவரும் உயிர் பிழைத்தனர். 2007 ஆம் ஆண்டு நவம்பரில் 'எக்ஸ்புளோரர்' தென்துருவக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் படகுகளில் மணிக்கணக்கில் காத்திருந்து மற்றொரு கப்பலால் மீட்கப்பட்டனர். கடல் அமைதியாக இருந்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதை எவரும் எளிதில் ஊகிக்கலாம்.

ஆனால் கணக்கு மாறியிருக்கிறது. கடலில் உயிர்காப்பது பற்றிய அனைத்துலக உடன்படிக்கைக்கு 2010 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும் பயணத்தில் கப்பலிலுள்ள கைக்குழந்தை ஒவ்வொன்றிற்கும் அதன் உடலளவிற்கேற்ற உயிர்காப்பு அங்கி இருத்தல் வேண்டும். 2017 ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள துருவக் கடல் விதித்தொகுப்பு, மீட்பு வர ஐந்து நாளாவது ஆகலாம் என்று கொண்டு ஆயத்தம் செய்யச் சொல்கிறது. பல நிறுவனங்கள் குழந்தைகளுக்குக் குறைந்த அளவு வயதும் வரையறுத்துள்ளன. 1923 ஆம் ஆண்டில் கணக்கில் வராத கைக்குழந்தை இன்று முழு ஆள். உயிர்காப்பும் இடஅளவும் வெவ்வேறு கணக்குகள் என்று சட்டம் பயின்றோர் கூறலாம். குழந்தைக்கு அவ்வேறுபாடு தெரியாது.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு, கரையிறங்கும் முறையையும் அம்மையாருக்கு விளக்கினேன். தென்துருவத்திலும் பெருங்கப்பல் கரையணைவதில்லை. சிறு காற்றுப்படகில் இறங்கியே செல்ல வேண்டும். ஒரே வேளையில் ஓரிடத்தில் நூறு பேருக்கு மேல் கரையேறலாகாது. இறங்குமுன் காலணிகளைக் கழுவித் துடைத்து, விதையோ மண்ணோ ஒட்டாமல் தூய்மை செய்தல் வேண்டும். அங்குள்ள பறவைகளுக்கும் செடிகொடிகளுக்கும் நம்மால் கேடு விளையாதிருத்தற்பொருட்டு இந்த ஏற்பாடு. "அப்படியானால் அங்கேயும் நம்மைத்தான் சோதிக்கிறார்கள்" என்று சிரித்தார் அவர்.

செயின்ட் ஜான்ஸ் தீவின் நோய்த்தடுப்பு நிலையம் 1976 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று மரினா சவுத் படகுத்துறையிலிருந்து அங்கு உலாச் செல்லலாம். பேரப்பிள்ளைகளை முதலில் அங்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்பது அம்மையாரின் நிபந்தனை, மகனும் இசைந்தார். பின்னர் அவர் மகனிடம் ஒன்று கேட்டார்: பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாறும்போது பிள்ளையைக் கைமாற்றுவது யார்? மகனுக்கு விடை தெரியவில்லை. நிறுவனத்தாருக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார்.